நுளம்பின் வயிற்றில் விடை கண்ட வைத்தியர்



மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நம் மலையகத்து மூதாதையர். கோப்பிக் காலத்தில் அவ்வழியில் விழுந்து மடிந்தோர் பலர். பசி, வாந்திபேதி, அம்மை ஆகியவற்றோடு குளிர்காய்ச்சலும் அவர்களை வாட்டியது. மலேரியா எனப்படும் அக்காய்ச்சல் கெட்ட காற்றினால் வருவதென்றே வைத்தியர்களும் நம்பினர்.

மருந்து மட்டும் இருந்தது. இயேசு சபைத் துறவிகள் பெரு நாட்டிலிருந்து ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய சிங்கோனாப் பட்டையே அது. அம்மரத்தை வளர்ப்பதற்காகவே 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் நோய் எவ்வழியே பரவுகிறதென்று எவரும் அறியார். அதைக் கண்டறிந்தவர் சேர் றொனால்ட் றோஸ்.

1857 மே 13இல் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் அவர் பிறந்தார். தந்தை படை அதிகாரி. மகனின் மனமோ கவிதையிலும் இசையிலும் லயித்திருந்தது. தந்தையின் விருப்பத்துக்கு இணங்கியே லண்டனில் மருத்துவம் கற்று, 1881இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார்.

1883இல் பெங்களூரில் அவரது வீட்டில் நுளம்புத் தொல்லை மிகுந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த நீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார், நுளம்பும் குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமென்று படை அதிகாரி ஒருவரிடம் கூறினார். நுளம்பும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே படைக்கப்பட்டது, பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று அவர் மறுத்துவிட்டார்.

நோய்க்கிருமியை 1880இல் லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டிருந்தார். நுளம்பைத் தேடும்படி 1894இல் றோசைத் தூண்டியவர் பற்றிக் மான்சன். றோஸ் செகந்திராபாத்தின் வெக்கையில் நுளம்புகளை அறுத்துப் பார்த்தார். 1897இல் நீலகிரியின் சீகூர் மலைப்பாதைக்கு ஆராயச் சென்றபோது அக்காய்ச்சல் அவரையே பற்றியது. ஆயினும் அவர் தளரவில்லை.

அவ்வாண்டு உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கு ஓர் அணா கூலி பெற்று நுளம்புகளைக் கடிக்கவிட்டார். அவற்றுள் ஒன்றின் வயிற்றில் ஓகஸ்ட் 20ஆம் நாள் றோஸ் கிருமியைக் கண்டார். இறைவனுக்கு நன்றி கூறிக் கவிதையும் எழுதினார். மறு ஆண்டு கல்கத்தாவில், நுளம்புக் கடியாலேயே பறவைகளுக்கு அந்நோய் தொற்றுவதை நிறுவினார். மனிதரிடத்தில் அதை உறுதிப்படுத்தினர் இத்தாலியரான கிறாசியும் தோழர்களும். 1902இல் றோசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1932 செப்டெம்பர் 16இல் அவர் காலமானார். ஈராண்டு சென்று, 1934இல் நம் நாட்டில் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாகின, குட்டைகளில் நுளம்பு பெருகியது. குளிர்ந்த உயர்மலைகள் தப்பின. கேகாலை, குருநாகல் பகுதிகள் சீரழிந்தன. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அறிவு இருந்தும் விழிப்பு இல்லாததன் விலை அது. பின்னர் நெடுநாள் உழைப்பின் பயனாக, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

இன்று நம்மை அச்சுறுத்துவது டெங்கு. அதைப் பரப்புவது வேறொரு நுளம்பு. லயத்துக்குப் பின்னால் கிடக்கும் தகரப் பேணி, சிரட்டை, பழைய டயர், மூடாத பீப்பா ஆகியவையே அதன் தொட்டில்கள். வாசகரே, துன்பத்தைப் பொறுமையோடு ஏற்பது புண்ணியந்தான். ஆனால் தவிர்க்கக்கூடிய நோயை அயலவரின் குழந்தைக்கு வரவிடுவது பொறுமையன்று, பிறரன்பில் குறைவு. வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் முற்றத்துத் தொட்டியைக் கவிழ்ப்பீர்களா?