அன்னா பிராய்ட்

அன்னா பிராய்ட் (டிசம்பர் 3, 1895 – அக்டோபர் 9, 1982) ஆஸ்திரியாவில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த உளப்பகுப்பாய்வாளர் ஆவார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டின் மகளான இவர், சிறுவர் உளப்பகுப்பாய்வுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார். குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிவதே சிறு குழந்தையைப் பெரிதும் பாதிக்கிறது என்பதை அங்கு கண்டறிந்தவற்றைக் கொண்டு எடுத்துக்காட்டினார்.

இளமையும் வியன்னா வாழ்க்கையும்

சிக்மண்ட் பிராய்ட், மார்த்தா பெர்னேஸ் இணையருக்கு வியன்னாவில் பிறந்த ஆறு பிள்ளைகளுள் அன்னா கடைசி மகள். பல்கலைக்கழகத்தில் பயிலாத இவர், ஆசிரியப் பயிற்சி பெற்று 1920 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1922 இல் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் உறுப்பினரானார். இவருக்கு உளப்பகுப்பாய்வு செய்தவர் இவருடைய தந்தையே. இது பிற்காலத்தில் குறைகூறலுக்கு உள்ளானது.

1937 இல், வியன்னாவின் மிக வறிய குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகப் பகல்நேரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கரான டோரதி பர்லிங்காம் இவருடன் இணைந்து பணியாற்றினார். மார்ச் 1938 இல் நாசி ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது, காப்பகமும் மூடப்பட்டது. யூதக் குடும்பத்தினரான அன்னா, கெஸ்டாபோவால் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் பெற்றோருடன் இலண்டனில் குடியேறினார்.

போர்க்காலக் காப்பகங்கள்

இலண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசத் தொடங்கியபின், 1941 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டெட் பகுதியில் அன்னாவும் பர்லிங்காமும் காப்பகம் ஒன்றை நிறுவினர். பின்னர் மேலும் இரண்டு இல்லங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எசெக்ஸ் பகுதியின் நாட்டுப்புறத்தில் அமைந்தது. அமெரிக்க நன்கொடை அமைப்பு ஒன்று பொருளுதவி செய்தது. அவ்வமைப்புக்கு மாதந்தோறும் அறிக்கைகள் அனுப்பப்பட்டன. குழந்தைகளின் செயல்களை நாள்தோறும் குறித்து வைப்பது பணியாளர் அனைவரின் கடமையாக இருந்தது.

தாயின் அருகில் இருந்தபடி குண்டுவீச்சைக் கடந்த குழந்தைகள், தாய் அமைதியாக இருந்தவரை பெரும்பாலும் அதிர்ச்சிக்கு உள்ளாகவில்லை. மாறாக, பாதுகாப்பான இடங்களுக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தைகள் உண்ண மறுத்தனர். மீண்டும் படுக்கையை நனைத்தனர். கற்ற சொற்களையும் இழந்தனர். சில வாரப் பிரிவுக்குப் பின் தாயையே அடையாளம் காணாத குழந்தைகளும் இருந்தனர். இதனால் பிரிவைத் திடீரென நிகழ்த்தாமல் படிப்படியாக நிகழ்த்த வேண்டும் என அன்னா வலியுறுத்தினார். பெற்றோர் எந்நேரமும் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்பது அவரது காப்பகங்களின் நெறியாக இருந்தது.

தொடக்கத்தில் எல்லாப் பணியாளர்களும் எல்லாக் குழந்தைகளையும் பராமரித்தனர். இம்முறையில் குழந்தைகள் நன்கு உண்டு உடல்வளம் பெற்றாலும், பேச்சிலும் தூய்மைப் பழக்கங்களிலும் பின்தங்கினர். ஆகவே சுமார் நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண் தாயின் இடத்தில் இருக்குமாறு சிறு குடும்பங்கள் அமைக்கப்பட்டன. அதன் முதல் விளைவு அமைதி அன்று. அழுகையும் பொறாமையுமே ஆகும். தமக்கெனக் கிடைத்தவர் சற்று நேரம் அகன்றாலும் குழந்தைகள் கலங்கினர். நாளடைவில் கொந்தளிப்பு தணிந்தது. பேச்சும் பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. பணிப்பெண்ணிடம் கொள்ளும் பற்று மற்றொரு பிரிவில் முடியக்கூடும் என்பதை அன்னா அறிந்திருந்தார். எனினும் பற்று கொள்ள ஒருவரும் இல்லாமை அதனினும் கேடானது என்று கருதினார். காப்பகங்கள் 1945 இல் மூடப்பட்டன.

வதைமுகாமிலிருந்து வந்த ஆறு குழந்தைகள்

தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு யூதக் குழந்தைகள் 1945 அக்டோபரில் சசெக்ஸ் பகுதியிலுள்ள புல்டாக்ஸ் பேங்க் என்னும் இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு வயது மூன்று முதல் நான்கு வரை. பெற்றோர் கொல்லப்பட்டதால், கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர்கள். பொம்மைகளை உடைத்தனர், பெரியவர்களை அடித்தனர், கடித்தனர். ஆனால் தமக்குள் ஒருவரை ஒருவர் பிரிய மறுத்தனர். தம் உணவுக்கு முன் மற்றவர் உணவைக் கவனித்தனர். ஏறத்தாழ ஓராண்டில் பராமரிப்பாளர்களிடமும் மெல்ல அன்பு கொண்டனர். சோபி டானுடன் இணைந்து அன்னா 1951 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விவரிக்கிறது. தாயை இழந்த குழந்தைக்கு உடன்வாழும் குழந்தைகளும் பற்றுக்கோடு ஆக முடியும் என்பதை இது காட்டியது.

பிற்காலப் பணிகள்

1947 இல் சிறுவர் உளச்சிகிச்சைப் பயிற்சியையும், 1952 இல் ஆம்ஸ்டெட் சிறுவர் மருத்துவ மையத்தையும் தொடங்கினார். காப்பகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 1952 இல் வெளியானது. மருத்துவமனைகளில் பெற்றோரின் வருகைக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர இப்படம் துணைபுரிந்தது. சிறுவர் பகுப்பாய்வு முறை குறித்து மெலனி கிளைனுடனும், கைக்குழந்தைகளின் துயரம் குறித்து ஜான் பௌல்பியுடனும் அன்னா கருத்து வேறுபாடு கொண்டிருந்தார்.

1973 இல் ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஆல்பர்ட் சோல்னிட் ஆகியோருடன் எழுதிய நூலில், நாள்தோறும் பேணி வளர்ப்பவரே குழந்தையின் உள்ளத்தில் பெற்றோர் ஆகிறார் என்று வாதிட்டார். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில் இக்கருத்து விவாதிக்கப்பட்டது.

மறைவு

அன்னா பிராய்ட் 1982 இல் இலண்டனில் காலமானார். அவர் நிறுவிய மையத்துக்கு 1984 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. அவர் வாழ்ந்த இல்லம் 1986 இல் பிராய்ட் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

முக்கிய நூல்கள்

தன்முனைப்பும் தற்காப்பு முறைகளும் (1936)
போரும் குழந்தைகளும் (1943, பர்லிங்காமுடன்)
குடும்பமற்ற குழந்தைகள் (1944, பர்லிங்காமுடன்)
குழந்தைப் பருவத்தில் இயல்பும் பிறழ்வும் (1965)