கரடுமுரடான தரையில் ஓடும் தண்ணீரைக் கணக்கிட்ட ராபர்ட் மேனிங்

நம் வீடுகளில் சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் மேனிங் சமன்பாடு பற்றிக் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். மழைநீர் வடிகால் கட்டுவதற்கும், பாசனக் கால்வாய் வெட்டுவதற்கும், ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பதற்கும் உலகெங்கும் இன்றுவரை அதுதான் பயன்படுகிறது. ஆனால் அந்த மேனிங் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். தாம் கண்டுபிடித்த சமன்பாட்டின் மீதே அவருக்கு முழுத் திருப்தி இருந்ததில்லை. இந்த இரண்டும் நம்மில் பலர் அறியாதவை.

ராபர்ட் மேனிங் 1816-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தார். 1826-ல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நகருக்கு வந்து, அங்கே தம் மாமாவிடம் கணக்கராக வேலை பார்த்தார். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். பட்டினியில் வாடியவர்களுக்குக் கூலி கிடைக்கவும், நீர் தேங்கிய நிலங்கள் விளைநிலமாகவும் அரசு ஆறுகளை ஆழப்படுத்தி வடிகால்கள் வெட்டியது. 1846-ல் மேனிங் அந்த வடிகால் துறையில் வரைபடம் வரைபவராகச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் மாவட்டப் பொறியாளராக உயர்ந்தார். பிரெஞ்சு நீரியல் நூல் ஒன்றைத் தாமே படித்துத்தான் அவர் இந்தத் துறையைக் கற்றுக்கொண்டார். பின்னர் 1874-ல் அந்தப் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளரானார்.

அவர் முன்னே இருந்த கேள்வி எளிமையானது. ஒரு கால்வாயின் சரிவும் ஆழமும் தெரிந்தால், தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும்? சிமெண்ட் பூசிய வழவழப்பான தரையில் தண்ணீர் விரைந்து ஓடும். கல்லும் புல்லும் நிறைந்த தரை அதை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுவையைக் கணக்கில் கொண்டுவர 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஷேசி தொடங்கிப் பலரும் முயன்றார்கள். ஆளுக்கொரு சூத்திரம் சொன்னார்கள். விடைகளோ ஒன்றுக்கொன்று வேறுபட்டன.

மேனிங் அவற்றில் பெயர்பெற்ற ஏழு சூத்திரங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின்படியும் வேகத்தைக் கணக்கிட்டு, அவற்றின் சராசரியைக் கண்டு, அந்தச் சராசரிக்குப் பொருந்தும் ஒரே சூத்திரத்தை அமைத்தார். பல வகைத் தரைகள் கொண்ட செயற்கைக் கால்வாய்களில் பிரெஞ்சுப் பொறியாளர் பாசின் அளந்து வைத்திருந்த அளவுகளோடும் அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தார். 1889 டிசம்பரில் அயர்லாந்துப் பொறியாளர் சங்கத்தின் முன் அதை வைத்தபோது அவருக்கு வயது 73.

அதிலிருந்த குறைகளையும் அவர் மறைக்கவில்லை. கால்குலேட்டர் இல்லாத அந்தக் காலத்தில் கனமூலம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அது மட்டுமல்ல, சூத்திரத்தின் இரு பக்கமும் அலகுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் அந்தக் குறை இல்லாத, சற்றுச் சிக்கலான இன்னொரு சூத்திரத்தை அவரே உருவாக்கினார். உலகம் அதை மறந்துவிட்டு, அவர் குறை கண்ட முதல் சூத்திரத்தையே எடுத்துக்கொண்டது. அதே வடிவத்தை 1867-லேயே பிரான்சின் காக்லர் சொல்லியிருந்தார் என்பதால் சிலர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பாடநூல்களில் இன்று அந்தச் சமன்பாட்டோடு வரும் சொரசொரப்பு எண்ணும் மேனிங் தந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் காங்கிலே, குட்டர் என்ற இருவர் 1869-ல் பயன்படுத்திய எண்ணைப் பின்வந்தவர்கள் இதோடு இணைத்தார்கள். வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது சுமார் 0.013. சுத்தமான மண் கால்வாய்க்குச் சுமார் 0.025. களை மண்டிவிட்டால் 0.05 வரையும் போகும்.

இந்தச் சின்ன எண்ணில்தான் ஊரின் பாதுகாப்பே இருக்கிறது. அகலமான ஒரு மண் கால்வாயில் 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பராமரிப்பு இல்லாமல் களை வளர்ந்து, அந்த எண் இரு மடங்காகிவிடுகிறது. அதே அளவு தண்ணீர் இப்போது ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். கரை 1.3 மீட்டர்தான் என்றால், தண்ணீர் தெருவுக்குள் வந்துவிடும். கால்வாயைப் புல்லும் சேறும் குப்பையும் நிறைந்து கிடக்க விட்டால், முதல் நாளில் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

எந்த எண்ணைப் போடுவது என்பதைக் கணினி தானாக முடிவு செய்வதில்லை. கால்வாயை நேரில் பார்த்து, முடிந்தால் ஓட்டத்தை அளந்து, மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். 1897-ல், 81ஆம் வயதில், மேனிங் காலமானார். இந்தத் துறைக்குப் போகும் நம் பிள்ளைகள் அவருடைய சமன்பாட்டை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். கூடவே, தம் கணக்கின் குறையைத் தாமே தேடிப் பார்த்த அவருடைய பழக்கத்தையும் கற்றுக்கொள்ளட்டும்.