பிக்கப் இன்ஜினில் ‘டிக் டிக்’ சத்தமா? ஜி.டி. நாயுடு காட்டிய வழி

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் உங்கள் பழைய டீசல் பிக்கப், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்கிறதா? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அந்த அவசரத்தில் இன்ஜினையே இறக்கச் சொல்லிவிடாதீர்கள். முதலில் நம் பக்கத்துக் கோவையில் வாழ்ந்த ஒரு விவசாயி மகனின் கதையைப் படியுங்கள்.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வாலிப வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் சர்வராக வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. முழுவதும் கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். ஸ்டியரிங்கை அவரே பிடித்தார். அந்த ஒரு வண்டிதான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார். பருத்தி, பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் உள்ள அருங்காட்சியகத்தில் அவருடைய கண்டுபிடிப்புகளை இன்றும் பார்க்கலாம்.

அவர் வாழ்க்கையிலிருந்து நமக்கு ஒரு பாடம் போதும்: இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் அதற்குச் செலவு செய்ய வேண்டும். உங்கள் பிக்கப்பையும் அப்படியே பாருங்கள்.

ஆயில்: வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் மேலே உள்ள டேப்பெட், ராக்கர் பகுதிக்குப் போதிய ஆயில் ஏறாது, சத்தம் வரும். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

நேரம்: குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடேறியதும் மறைகிறதா? எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் லீக் ஆகலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுவதால் சத்தம் நின்றுவிடும். இணைப்பில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடம்: நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். துண்டு, லுங்கி நுனி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் டேப்பெட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். பெரும்பாலும் டேப்பெட் இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்துச் சரி செய்தாலே போதும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி வைக்கச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர்: அதன் அடியில் கரியோ ஈரமோ இருந்தால் வாஷர் போயிருக்கலாம். டீசல் பைப்பை நீங்களே தளர்த்தாதீர்கள். அதில் உள்ள பிரஷர் தோலைத் துளைத்துவிடும்.

அடிச்சத்தம்: இன்ஜினின் அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டு, பாரம் ஏற்றினால் கூடுகிறதா? அது பேரிங் கோளாறாக இருக்கலாம். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் கிராங்க்ஷாஃப்ட்டும் போய்விடும்.

சத்தம் எப்போது, எங்கிருந்து, எந்த வேகத்தில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவருக்குப் பாதி வேலை குறையும். உங்களுக்கு வீண் செலவு மிச்சமாகும். பள்ளிக்கூடம் ஒட்டாத ஒரு கிராமத்துப் பையன் தன் வண்டியைத் தானே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நம் வண்டியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க நம்மாலும் முடியும்.