பட்டறையிலிருந்து விண்ணுக்கு: சதீஷ் தவான்

ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் விமானத் தொழிற்சாலையில் பொறியாளராகப் பணியாற்றினார் என்றால் நம் கல்லூரியில் பலர் நம்பமாட்டார்கள். கலைப்பிரிவு ஒரு கரை, அறிவியல் பிரிவு மறு கரை என்று பழகிவிட்டவர்கள் நாம். இரு கரையிலும் கால் பதித்து நின்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தாம் சதீஷ் தவான்.

1920 செப்டம்பர் 25-ஆம் நாள் ஸ்ரீநகரில் பிறந்தவர் இவர். லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் ஆங்கில இலக்கியம் கற்றார். அதன் பிறகும் மனம் அமையவில்லை போலும். இயந்திரப் பொறியியல் படித்து 1945-இல் அதிலும் பட்டம் பெற்றார். எங்கள் வீடுகளில் ஒரு பையன் இப்படி மாறி மாறிப் படித்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

படிப்பு முடிந்ததும் அவர் வந்து சேர்ந்த இடம் பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய நிறுவனம் அது. போர்க்காலத்தில் அது அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரும் பணிமனையாக மாறியிருந்தது. பிறர் வரைந்த படத்தைப் பார்த்து, பிறர் செய்த எந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற வேலைதான் அங்கே மிகுதி. தவான் அங்கே ஓராண்டு இருந்தார். ஓராண்டுதானே என்று தள்ளிவிடக் கூடாது. சொந்தமாக ஒரு வானூர்தியை வடிவமைக்க வேண்டுமாயின் காற்றின் இயல்பை அளந்தறியும் கருவிகளும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும். அந்நாளில் நம் நாட்டில் அவை மிகச் சிலவே. அக்குறையைத் தீர்ப்பதிலேயே அவருடைய அடுத்த இருபது ஆண்டுகள் கழிந்தன. (நம் அப்துல் கலாமும் 1950-களின் பிற்பகுதியில் இதே தொழிற்சாலையில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பயிற்சி பெற்றவரே.)

1946-இல் அமெரிக்கா சென்றார். மின்னசோட்டாவில் படித்துக்கொண்டிருந்தபோது நாடு பிரிவினையுற்றது. அவர் படித்த லாகூர் வேறு நாட்டு நகரமாயிற்று. பின்னர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் லீப்மனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1951-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் செய்த ஆய்வு என்ன? விமானத்தின் மேற்பரப்பை உரசிச் செல்லும் காற்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த உராய்வை நேரடியாக அளப்பது மிகவும் கடினம் என்பதால், காற்றின் வேகத்தை அளந்து கணக்குப் போட்டே பெரும்பாலும் அறிந்து வந்தார்கள். தவான் ஒரு சமதளத் தகட்டில் சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, எளிதில் அசையும்படி பொருத்தினார். காற்று உரசும்போது அத்துண்டு இம்மியளவு நகரும். அந்நகர்வை மின்சாரக் கருவி காட்டிக் கொடுக்கும். துண்டு சற்றே மேலெழுந்து நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். இடைவெளி சற்றே கூடினாலும் பொய்தான். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. லீவர் ஓர் இழை பிசகினால் சாவி திரும்பாது என்பதை அரம் பிடித்த கை அறியும். அந்தக் கைப்பக்குவம் தவானிடம் இருந்தது. டாக்டர் பட்ட ஆராய்ச்சிகளில் நான் மிகவும் வியப்பது இதைத்தான்.

1951-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை ஆராயும் காற்றுச் சுரங்கத்தைச் சிறிய அளவில், சிக்கனமாக அங்கே அமைத்தார். 1955-இல் துறைத் தலைவர். 1962-இல் கழகத்தின் இயக்குநர். அப்பதவியில் 1981 வரை இருந்தார்.

1971 டிசம்பர் 30-இல் விக்ரம் சாராபாய் திடீரென்று மறைந்தார். அப்போது தவான் விடுப்பில் கலிபோர்னியாவில் இருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்று நடத்துமாறு பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். விஞ்ஞானக் கழகப் பொறுப்பை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளை முன்வைத்தே அவர் இசைந்தார். 1972 முதல் 1984 வரை அவரே விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர். 1975 ஏப்ரல் 19-இல் விண்ணேறிய ஆரியபட்டா, பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவானது. பட்டறையை மதிக்கத் தெரிந்த தலைவருக்கு அது குறையாகத் தோன்றியிராது.

1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வந்தது. ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் 17 டன் ராக்கெட் கிளம்பியது. முதல் கட்டம் செவ்வனே எரிந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் அமைப்பில் ஒரு வால்வு கசிந்து அமிலம் முன்னரே வீணாகியிருந்தமையால், ராக்கெட் கட்டுப்பாடிழந்து வங்கக் கடலில் விழுந்தது. ஏழாண்டு உழைப்பு சில நிமிடங்களில் கடலுக்குள் போயிற்று. திட்ட இயக்குநர் கலாம் சோர்ந்து போனார். செய்தியாளர் கூட்டத்தில் தவானே முன்னின்று பொறுப்பை ஏற்றார்; தம் குழுவினர்மேல் முழு நம்பிக்கை இருப்பதாகவும், மீண்டும் முயன்று வெற்றி காண்பார்கள் என்றும் கூறினார். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்றைய செய்தியாளர் கூட்டத்தை நடத்துமாறு கலாமிடம் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். இதைக் கலாமே பிற்காலத்தில் மேடைதோறும் நன்றியுடன் எடுத்துரைத்தார்.

தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பின் அவர் கண்கள் பறவைகள் பக்கம் திரும்பின. ஸ்ரீஹரிக்கோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரியில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டமாய் வரும். சிறகு காற்றை எவ்வாறு பிடிக்கிறது என்பதை ஒரு பொறியாளரின் கண்கொண்டு ஆராய்ந்து, பறவைகள் பறப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார், 1991-இல் வெளிவந்தது.

2002 ஜனவரி 3-இல் பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.