பறவைகளின் அன்னை லீனா ஹென்லே

பறவைகளோடு உறவு கொண்டாடிய இனம் தமிழினம். மயில் குளிரால் நடுங்கியதெனக் கருதித் தன் போர்வையை ஈந்த பேகனையும், தன் வறுமையை மனைவிக்கு உரைக்குமாறு நாரையைத் தூது விடுத்த சத்திமுத்தப் புலவரையும் நம் மாணவர்கள் தமிழ் வகுப்பிலே கற்று வருகின்றனர். நாம் இன்று வாழும் ஜேர்மன் மண்ணிலும் பறவைகளுக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்த பெண்மணி ஒருவர் இருந்தார். மக்கள் அவரைப் பறவைகளின் அன்னை என்றே அழைத்தனர். லீனா ஹென்லே என்னும் அம்மாதரசியின் வரலாற்றை இங்கு சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இல்லறமும்

வூர்ட்டம்பேர்க் இராச்சியத்தில், நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள சுல்ஸ் என்னும் சிற்றூரில் 1851ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் லீனா பிறந்தார். கீங்கன் நகரில் கம்பளி உரோமத்தை அழுத்தித் தடித்த துணி செய்யும் ஆலையின் உரிமையாளரான ஹான்ஸ் ஹென்லே என்பவரை மணந்தார். உலகெங்கும் சிறுவர் விரும்பும் ஸ்ரைவ் கரடிப் பொம்மைகள் பிறந்த ஊரும் இதே கீங்கன்தான். ஹான்ஸ் தொழிலதிபராக மட்டுமன்றி நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இல்லத்தில் பிள்ளைகளை வளர்த்து அமைதியாக வாழ்ந்திருக்கக் கூடியவர் லீனா. ஆயினும் தம் காலத்துப் பறவைகளுக்கு நேர்ந்த அவலம் அவரைப் பொது வாழ்வுக்கு அழைத்தது.

தொப்பியில் ஏறிய இறகுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களிலே பெண்கள் அணிந்த தொப்பிகளைப் பறவை இறகுகள் அலங்கரித்தன. சில தொப்பிகளில் முழுப் பறவையே பாடம் செய்து பொருத்தப்பட்டிருந்தது. வெள்ளைக் கொக்கின் மெல்லிய அழகிய இறகுகள் அது குஞ்சு பொரிக்கும் பருவத்திலேதான் வளர்பவை. ஆகவே வேடர்கள் அப்பருவத்திலேயே தாய்ப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். கூட்டிலிருந்த குஞ்சுகள் உணவின்றி மடிந்தன. ஒரு பகுதி ஜேர்மன் குடியேற்ற நாடாக இருந்த நியூகினித் தீவிலிருந்து சுவர்க்கப் பறவைகளின் தோல்கள் கப்பல்களில் வந்து குவிந்தன.

உள்நாட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. வயல்களை விரிவாக்க வேலிப் புதர்கள் வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. உணவுக்காகப் பாடும் பறவைகள் கண்ணி வைத்துப் பிடிக்கப்பட்டன.

இக்கொடுமைக்கு எதிராக முதலில் எழுந்தோர் பெரும்பாலும் பெண்களே. இங்கிலாந்தில் 1889இலும், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1896இலும் பெண்கள் கூடிப் பறவை காக்கும் சங்கங்களைத் தோற்றுவித்தனர். இறகை விரும்பி வாங்குவோர் இருக்கும்வரை வேடனை மட்டும் குறை கூறுவதிற் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அரை மார்க் சங்கம்

1899ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் ஸ்ருட்கார்ட் நகரிலே பறவைப் பாதுகாப்புச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமையை ஏற்றார் லீனா. ஜேர்மன் பெண்களுக்கு அந்நாளில் வாக்குரிமை கிடையாது; அவ்வுரிமை 1918இல்தான் கிட்டியது. வாக்களிக்கவே உரிமையற்ற ஒரு பெண்மணி நாடளாவிய சங்கமொன்றை 39 ஆண்டுகள் வழிநடத்தினார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

சங்கத்தின் ஆண்டுச் சந்தா அரை மார்க், அதாவது ஐம்பது பெனிக் மட்டுமே. செல்வந்தரும் அறிஞரும் மாத்திரம் கூடும் கழகமாக அது அமைவதை லீனா விரும்பவில்லை. தொழிலாளி, ஆசிரியர், விவசாயி, மாணவர் எனப் பலரும் சேரத்தக்க பேரியக்கமாகவே அதனை வளர்த்தார். பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி அமைத்தல், கடுங்குளிரில் இரையிடுதல், துண்டுப் பிரசுரம் வழங்குதல், சொற்பொழிவு நடத்துதல் ஆகிய பணிகள் ஊர்தோறும் நடந்தன. அவருடைய மகன் ஹெர்மன், திரைப்படக் கலை தோன்றிய தொடக்க காலத்திலேயே பறவைகளின் வாழ்வைப் படமாக்கி மக்களுக்குக் காட்டினார்.

1888ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தில் பல ஓட்டைகள் இருந்தன. நாடெங்கும் எழுந்த பறவை ஆர்வலரின் குரலுக்குப் பின் 1908இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கண்ணி வைத்துப் பாடும் பறவைகளைப் பிடிக்கும் பழைய வழக்கத்துக்கு அத்துடன் தடை வந்தது.

ஏரிக்கரையில் வாங்கிய நிலம்

சட்டம் பறவையைக் கொல்லாதே என்று சொல்லலாம். ஆனால் அது வாழ இடமில்லையெனில் சட்டத்தாற் பயன் என்ன? இதனை உணர்ந்த லீனா, சந்தாப் பணத்தையும் நன்கொடையையும் கொண்டு நிலம் வாங்கும் வழியை மேற்கொண்டார். தென்ஜேர்மனியில் பாட் புஹாவ் நகருக்கு அருகே ஃபெடர்சே என்னும் ஏரி உள்ளது. விளைநிலம் பெறும் நோக்குடன் 1787ஆம் ஆண்டு முதலாக அதன் நீர்மட்டத்தை இருமுறை தாழ்த்தியதால் ஏரி சுருங்கிப்போய், சுற்றிலும் நாணலும் சதுப்பும் எஞ்சியிருந்தன. 1911இல் சங்கம் அங்கு நிலம் வாங்கத் தொடங்கியது. 1939இல் அப்பகுதி இயற்கைப் பாதுகாப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று மரப்பாலத்தின் வழியே நாணற்காட்டைக் கடந்து சென்று அங்குள்ள பறவைகளை நாம் கண்டு மகிழலாம்.

இருண்ட காலமும் இறுதி நாட்களும்

1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஹிட்லரின் அரசு ஏனைய சங்கங்களைப் போலவே இச்சங்கத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. சங்கமும் அவ்வரசுக்குப் பணிந்தே நடந்தது. அதன் வரலாற்றில் இது நாம் மறைக்கக் கூடாத ஒரு கறையாகும். 1938இல், தமது 87ஆம் வயதில், லீனா தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1941ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள், சங்கம் பிறந்து சரியாக 42 ஆண்டுகள் நிறைவுற்ற அன்று, கீங்கன் நகரிலே அவர் காலமானார். தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு இரு நாட்களே இருந்தன. அவர் வளர்த்த சங்கம் 1990 முதல் நாபு என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்டு, பல இலட்சம் உறுப்பினரைக் கொண்டு விளங்குகின்றது. சத்திமுத்தப் புலவர் தூது விடுத்த நாரையின் குலத்தைச் சேர்ந்த வெண்நாரையே அதன் சின்னம்.

இன்று பறவைகளின் நிலை

தொப்பியில் இறகு சூடும் வழக்கம் மறைந்துவிட்டது. ஆயினும் பறவைகளின் துயர் தீரவில்லை. ஜேர்மன் வயல்களில் வாழும் ஆட்காட்டிக் குருவியும் கௌதாரியும் கடந்த நான்கு தசாப்தங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. ஓய்வின்றிப் பயிரிடப்படும் நிலம், பூச்சிகொல்லி, மறைந்துபோன வரப்புப் புற்கள் ஆகியன இதற்குக் காரணங்கள். ஜேர்மனியின் பாதுகாக்கப்பட்ட நிலங்களிற்கூட, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த நிறை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. பூச்சி இல்லையேல் குஞ்சுகளுக்கு இரை ஏது?

இத்துடன் தட்பவெப்ப மாற்றமும் சேர்ந்துகொண்டது. தன் முட்டையைப் பிற பறவையின் கூட்டில் இடும் ஐரோப்பியக் குயில், ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழப் பழைய காலக்கணக்கின்படியே திரும்பி வருகின்றது. இங்கு இளவேனில் முந்திவிடுவதால் மற்றப் பறவைகள் பல முன்னதாகவே முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கிவிடுகின்றன. குயில் காலந்தாழ்ந்த விருந்தாளியாகின்றது. வெப்பத்தால் வாழ்வு பெற்ற பறவைகளும் உண்டு. நம் தாயகத்துப் பஞ்சுருட்டானின் உறவான பறவையொன்று தெற்கிலிருந்து வந்து ரைன் ஆற்றோரக் குன்றுகளிலே பெருகியுள்ளது. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 3,000 இணைகளே இருந்த வெண்நாரை இன்று பன்மடங்காகியுள்ளது. அவற்றுட் பல ஆபிரிக்காவுக்குச் செல்லாது ஸ்பெயினிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

நிலத்தை விலைக்கு வாங்கலாம்; பருவகாலத்தை எவ்வாறு வாங்குவது என்று நாம் மலைக்கலாம். அதற்கும் ஃபெடர்சே ஒரு விடை தருகின்றது. ஈரமான சதுப்பு நிலம் பல்லாயிரம் ஆண்டுக் கரிமத்தைத் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கின்றது. வடித்துக் காயவிட்டால் அது கரியமில வாயுவாக வெளியேறும். ஜேர்மனி வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 7 சதவீதம் இவ்வாறு வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களிலிருந்தே வருகின்றது. பறவைக்காக லீனா காத்த ஈரநிலம், அவர் அறியாத வகையில் இன்று வானிலைக்கும் காவலாக நிற்கின்றது.

நம் கடன்

மாணவச் செல்வங்களே! பெரும் பணியாயினும் அது பலரின் சிறு கைகளாலேயே நிறைவேறும் என்பதே லீனா அம்மையாரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம். அன்று அரை மார்க் கொடுத்தோர் பறவைகளுக்கு ஓர் ஏரிக்கரையைப் பெற்றுத் தந்தனர். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலும் ஜனவரி மாதத்திலும் ஒரு மணி நேரம் தத்தம் வீட்டருகே காணும் பறவைகளை எண்ணித் தெரிவிக்குமாறு நாபு பொதுமக்களை அழைக்கின்றது. அவ்வெண்ணிக்கை ஆய்வாளருக்குப் பெரிதும் உதவுகின்றது. பெற்றோர்களே! அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பலகணி அருகே அமருங்கள். பிள்ளைகள் பறவையின் ஜேர்மன் பெயரைக் கூறட்டும். தமிழ்ப் பெயரை நீங்கள் கூறுங்கள். மன்னார்க் கடற்கரையிலும் வேடந்தாங்கல் ஏரியிலும் வந்திறங்கும் வலசைப் பறவைகளின் கதையையும் சொல்லுங்கள். தமிழும் வளரும், உயிர்களிடத்து அன்பும் வளரும்.