சிறையிலும் கைவிடாத திருவருள்

இறைவன் அன்பே உருவானவன் என்று மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். அவ்வன்பை இன்பம் வந்தபொழுது நம்புதல் எளிது. துன்பம் வந்தபொழுதும் நம்புதலே அரிது. அவ்வரிய செயலுக்குச் சான்றாவாருள் ஒருவர், கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலர். அவர் கிறித்தவர். ஆயினும், அன்போடு வழிபடுவார் எச்சமயத்தாராயினும் அவர்க்கு அருள்புரிபவன் சிவபெருமானே என்பது நம் சித்தாந்தத் துணிபாதலின், அவர் சரித்திரத்தை நாம் ஆராய்தல் தகுதியேயாம்.

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தையார் ‘ஆன்’ என்னும் கப்பலின் தலைவர். புயலிலே பாய்மரம் இழந்த அக்கப்பல், அதனைச் செப்பனிடும் பொருட்டுத் திருகோணமலைக்கு அணித்தாகிய கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாசத்திலே இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஏவலர், தந்தையும் மைந்தரும் உள்ளிட்ட கப்பலோர் பதினறுவரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அச்சிறைக்கு மதிலும் இல்லை, சங்கிலியும் இல்லை; மலையும் காடும் வழிக்காவலுமே சிறையாயின. அரசன் ஆணைப்படி ஊரவர் உணவளித்தனர்.

தந்தையும் மைந்தரும் குருநாகற் பகுதியிலுள்ள பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். இருவரையும் காய்ச்சல் பற்றியது. 1661 ஆம் ஆண்டு பெப்புருவரி 9 ஆந் தேதி தந்தையார் இறந்தார். அடக்கஞ் செய்தற்கு ஊராரை உதவி கேட்க, பிணத்தைக் கட்டியிழுக்க ஒரு கயிறு மாத்திரமே வந்தது. இருபது வயதினரான மைந்தர், தாமும் நோயால் மெலிந்திருந்தும், கூலிக்கு ஒருவனை அமர்த்தித் தந்தையைத் தகுந்தவாறு அடக்கஞ் செய்தார்.

அத்தனிமையிலே தம் வேதநூல் ஒன்று கிடையாதா என்று அவர் ஏங்கினார். ஒருநாள் ஓடையிலே மீன்பிடித்துக் கொண்டிருந்தபொழுது, அவ்வழி வந்த ஒரு முதியவர், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்திலே தமக்குக் கிடைத்த ஒரு புத்தகம் உண்டென்றார். வாங்கிப் பார்க்க, அது ஆங்கில விவிலியமே. கைப்பொருள் அனைத்தையும் கொடுக்கச் சித்தமாயிருந்த நொக்ஸ், பின்னிய தொப்பி ஒன்றையே விலையாகக் கொடுத்து அதனைப் பெற்றார். கேட்ட விடுதலை வரவில்லை. ஆயின், விடுதலை வருமளவும் தாங்கி நிற்றற்குரிய துணை வந்தது. அதனையே அவர் இறைவன் அன்பின் அடையாளமாகக் கொண்டார்.

நம்பிக்கை அவரைச் சோம்பலிலே இருத்தவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லைப் பொலிசைக்குக் கொடுத்தார். 1664 ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் லெகுந்தெனிய என்னும் மலையூருக்கு மாற்றப்பட்டார். பின்பு உடுநுவரையிலுள்ள எலதெத்தையிலே நிலம் வாங்கி வீடு கட்டினார். தலைச்சுமை வியாபாரியாய் வடக்கே பலமுறை சென்று வழிகளை அறிந்தார். சில ஆண்டு மழை பொய்த்தமையால் வழியில் நீரின்றி முயற்சி தடைப்பட்டது. அப்பொழுதும் அவர் மனந்தளர்ந்திலர்.

1679 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தோழர் ஸ்தீவன் றட்லண்டுடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாக் கரைக் காடுகளினூடே நடந்தார். தமிழ்நாட்டெல்லையை அடைந்தபொழுது, மரநிழலிலே சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவர் அவர்களுக்கு உணவளித்து வழியுங் கூறினர். அவர்கள் சமயம் வேறு, இவர்கள் சமயம் வேறு. பசித்தவருக்கு இட்ட சோற்றிலே அவ்வேற்றுமை காணப்படவில்லை. ஒக்டோபர் 18 ஆந் தேதி இருவரும் மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து உய்ந்தனர். 1681 ஆம் ஆண்டு நொக்ஸ் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டி நாட்டு வாழ்வை அறிதற்கு இன்றும் பெருந்துணையாக விளங்குகின்றது.

இனி, ஒரு குறையையும் மறைத்தலாகாது. விடுதலைபெற்ற நொக்ஸ் கப்பற்றலைவராகி, 1684 ஆம் ஆண்டு அடிமைகளைக் கொள்ளும் பொருட்டு மடகாஸ்கருக்கு ஏவப்பட்டுச் சென்றார். சிறையின் துயரைப் பத்தொன்பது ஆண்டு உணர்ந்தவரே பிறரைச் சிறைப்படுத்தும் தொழிலுக்கு உடன்பட்டார். தம்மைக் காத்த அன்பு அம்மக்களுக்கும் உரியதென்பதை அவர் எண்ணினாரல்லர். 1720 ஆம் ஆண்டு அவர் காலமானார்.

ஆசிரியர்களே, இச்சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கூறும்பொழுது இரு பகுதியையுங் கூறுக. முயற்சி விடாது பொறுத்திருந்தமை கைக்கொள்ளத்தக்கது; உய்ந்தபின் பிறர் துயரை மறந்தமை விலக்கத்தக்கது. இறைவன் என்னைக் கைவிடான் என்று துன்பத்திலே நம்பியவன், இன்பம் வந்தபொழுது, அவன் பிறரையும் கைவிடான் என்பதை உணர்ந்து, அவர்க்குத் தன் கையைக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கொடுத்தவனிடத்தே நம்பிக்கை நிறைவெய்தும்.