கடல் கடந்து வாங்கிய லைசென்ஸ்

விமானிகள் பலரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று 2020-ல் பாகிஸ்தான் அரசே சொன்னபோது உலகமே அதிர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் பெஸ்ஸி கோல்மன்.

1892-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பருத்தி எடுத்தார், துணி வெளுத்தார். கல்லூரியில் சேர்ந்தும் பணமில்லாமல் ஒரே பருவத்தில் திரும்பினார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்த வலி எனக்குப் புரியும்.

சிகாகோவில் முடிதிருத்தும் கடையில் நகம் சீராக்கும் வேலை. மனசெல்லாம் ஆகாயத்தில்! கறுப்பர், அதிலும் பெண் என்று எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சும்மா இருந்தாரா? பிரெஞ்சு மொழி கற்றார். 1920-ல் கப்பலேறி பிரான்ஸ் போனார். 1921 ஜூன் 15-ல் சர்வதேச லைசென்ஸ் வாங்கினார். அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான். அப்போது அமெரிக்காவில் விமானிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று நாடு முழுமைக்குமான சட்டமே கிடையாது!

ஊர் திரும்பி வான சாகசங்கள் செய்தார். தம் மக்களுக்கு ஒரு விமானப் பள்ளி தொடங்குவதே அவர் கனவு. 1926 ஏப்ரல் 30, ஜாக்சன்வில் நகரம். மெக்கானிக் விமானத்தை ஓட்ட, இவர் கீழே பார்ப்பதற்காக பெல்ட் போடாமல் இருந்தார். திடீரென விமானம் குப்புறப் பாய்ந்தது. தூக்கி எறியப்பட்டு இறந்தார், மெக்கானிக்கும் பிழைக்கவில்லை. காரணம்? இயக்கும் பாகங்களில் சிக்கிய ஒரு ஸ்பேனர்! அவருக்கு வயது 34. லைசென்ஸ் சட்டம் அடுத்த மாதம்தான் வந்தது.

நாளைக்கு நம்ம கையிலும் டிப்ளமோ இருக்கும். தொழில் தெரியாமல் பேப்பர் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. தொழில் தெரிந்தவன் ஒரு ஸ்பேனரை மறந்தாலும் ஆபத்துதான். ஒர்க் ஷாப்பை விட்டு வெளியே வரும்போது எண்ணி வைங்க நண்பர்களே!